உமிச் சூட்டில் ஓடும் இன்ஜினிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

அரிசி ஆலையின் பின்கட்டில் உமி எரிகிற விதமே தனி. விறகு போலக் கொழுந்துவிட்டு எரியாது. சருகு போலச் சட்டென்று பற்றி அடங்கியும் விடாது. மேலே கறுத்து, சாம்பல் பூத்து, அணைந்துவிட்டது என்றே தோன்றும். குச்சியால் ஒரு கிளறு கிளறினால் உள்ளே செக்கச்செவேலென்று தணல் தெரியும். மறுநாள்கூட அந்தக் குவியலில் நம்பிக் கால் வைக்க முடியாது. எரிந்து மிஞ்சும் உமிக்கரியில்தான் காவிரி டெல்டா கிராமங்களில் ஒரு காலத்தில் பல் துலக்கினார்கள். அந்தக் கரியின் நறநறப்புக்குக் காரணம் உமியில் இருக்கும் சிலிக்கா. இந்தச் சிலிக்கா பின்னால் இன்னோர் இடத்தில் வந்து வழி மறிக்கும்.

காரைக்கால் மாவட்டத்தில் திருநள்ளாற்றைச் சுற்றி சேத்தூர், அம்பகரத்தூர், சுரக்குடி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல்தான். வெளியூர்க் கூட்டம் நள தீர்த்தத்தில் குளித்து, எள் விளக்கு ஏற்றி, தர்ப்பாரண்யேஸ்வரரையும் சனி பகவானையும் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுகிறது. உள்ளூரின் அன்றாடம் நெல்லோடு நடக்கிறது. ஒரு டன் நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 200 கிலோ உமி விழும். ஒரு கிலோ உமியில் சுமார் 13 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. மின்கட்டண ரசீதின் கணக்கில் சொன்னால் 3.6 யூனிட். ஆக, ஒரு டன் நெல்லின் உமிக்குள் 720 யூனிட் வெப்பம் உட்கார்ந்திருக்கிறது. இதில் எத்தனை யூனிட்டை மின்சாரமாகவோ, தண்டைச் சுழற்றும் வேலையாகவோ மாற்ற முடியும்?

இந்தக் கேள்விக்கு மெட்ராஸ் ஒருமுறை இரும்பிலேயே பதில் வார்த்துப் பார்த்தது. 1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வில்லியம் பீல் நிறுவிய சன்பவர் நிறுவனத்தின் வடிவமைப்பை வைத்து, வங்கதேசத்தில் உமியால் ஓடும் ஸ்டர்லிங் இன்ஜின் ஒன்றை உருவாக்கும் முயற்சி நடந்தது. அந்த வழியில் வந்ததுதான் எஸ்டி-5. அதை மெட்ராஸில் ஸ்டர்லிங் டைனமிக்ஸ் என்ற நிறுவனம் தயாரித்தது. சுமார் 5 குதிரைத் திறன். உள்ளே சுற்றிவருவது சாதாரணக் காற்று. வெளியே எரிவது உமி அல்லது விறகு. டீசல் வேண்டாம், கொதிகலன் வேண்டாம், நீராவி வெடிக்குமோ என்ற பயமும் வேண்டாம். நெல் விளையும் ஊருக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போன்ற இயந்திரம். ஆனாலும் அது டெல்டாவின் ஆலைகளில் இடம் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பதைவிட, அதனிடம் எதை எதிர்பார்த்திருக்க வேண்டும் என்ற கேள்விதான் இன்றைக்கு முக்கியம். உயிரி எரிபொருள், கழிவு வெப்பம், பசுமை மின்சாரம் என்று புதிய இயந்திரங்கள் மறுபடியும் வாசலில் வந்து நிற்கின்றன.

ஸ்டர்லிங் இன்ஜினை விளங்கிக்கொள்ள டவரா-டம்ளர் போதும். ஒரு பாத்திரம் எப்போதும் சூடாகவும் மற்றொன்று எப்போதும் குளிர்ச்சியாகவும் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூடிய கலனுக்குள் அடைபட்ட வாயு இந்த இரண்டுக்கும் இடையே போய்ப் போய் வருகிறது. சூடான பக்கம் போகும்போது விரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. குளிர்ந்த பக்கம் வரும்போது சுருங்குகிறது. அப்போது அதை அழுத்துவதற்குக் குறைந்த வேலை போதும். தள்ளியதில் கிடைத்த வேலைக்கும் அழுத்துவதற்குக் கொடுத்த வேலைக்கும் உள்ள வித்தியாசம்தான் லாபம். பெட்ரோல் இன்ஜின் போல உள்ளே எதுவும் வெடிப்பதில்லை. நெருப்பு வெளியே இருப்பதால் அது உமியா, வெயிலா, வறட்டியா என்று இன்ஜினுக்குக் கவலை இல்லை.

இதற்குக் காப்புரிமை பெற்றவர் ராபர்ட் ஸ்டர்லிங் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஆண்டு 1816. வெப்பத்தை வேலையாக மாற்றுவதற்கு இயற்கை ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது என்பதை பிரெஞ்சு இளைஞர் சாடி கார்னோ எழுதியது 1824இல். இன்ஜின் முதலில் வந்தது, அதன் எல்லை எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. இந்த வரிசை முக்கியம். எல்லை தெரியாமல் இயந்திரம் கட்டியவர்கள் எப்படி அடிபட்டார்கள் என்பது வரலாற்றில் பெரிய எழுத்தில் இருக்கிறது.

கார்னோவின் உச்சவரம்பைக் கணக்கிட எட்டாம் வகுப்புக் கணிதம் போதும். சூடான பக்கத்தின் வெப்பநிலையையும் குளிர்ந்த பக்கத்தின் வெப்பநிலையையும் கெல்வினில் எழுத வேண்டும். செல்சியஸோடு 273ஐக் கூட்டினால் கெல்வின். குளிரைச் சூட்டால் வகுத்து, வந்ததை ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். உமி நெருப்பு இன்ஜினின் தலையை 650 டிகிரி வரை சூடாக்குகிறது, வாய்க்கால் தண்ணீர் மறுபக்கத்தை 30 டிகிரியில் வைத்திருக்கிறது என்று கொள்வோம். 303ஐ 923ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 67 சதவீதம். இதற்கு மேல் ஒரு இம்மிகூடக் கிடைக்காது. உலோகத்தை மாற்றினாலும், வாயுவை மாற்றினாலும், விலையைக் கூட்டினாலும் கிடைக்காது.

சண்டை தொடங்குவது இங்கேதான். பல பாடநூல்களில் ஸ்டர்லிங் சுழற்சியின் செயல்திறன் கார்னோவின் செயல்திறனுக்குச் சமம் என்று ஒரு வரி இருக்கும். அதைப் படிக்கிற மாணவர், ஸ்டர்லிங் இன்ஜின் செய்தால் 67 சதவீதம் கையில் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார். விற்பனைப் பிரசுரம் எழுதுகிறவருக்கும் அந்த வரி வசதியாக இருக்கிறது. பட்டறையில் கை கறுத்தவர் சொல்லும் எண் வேறு. திட எரிபொருளில் ஓடும் சிறு இன்ஜின்களில் எரிபொருளிலிருந்து தண்டு வரை கணக்கிட்டால் 10 சதவீதத்தைத் தாண்டுவதே நல்ல வேலை. பாடநூல் பொய் சொல்லவில்லை. வாயு எல்லையில்லா நேரம் எடுத்துக்கொண்டு சூடேறி ஆறினால், இடையில் ஒரு துளி வெப்பமும் சிந்தாவிட்டால் என்ற நிபந்தனைகளின் பேரில்தான் அது பேசுகிறது. அந்த நிபந்தனைகளைப் படிக்காமல் முடிவை மட்டும் பிடித்துக்கொள்வதுதான் தவறு.

அதில் முதல் நிபந்தனை நேரம். உச்சவரம்பைத் தொட வேண்டுமானால் வெப்பம் நெருப்பிலிருந்து வாயுவுக்குள் துளித்துளியாக, வெப்பநிலை வித்தியாசமே இல்லாமல் இறங்க வேண்டும். அதாவது இன்ஜின் ஓடவே கூடாது. ஒரு சுற்றுக்கு யுகம் பிடிக்கும் இன்ஜினால் நெல் அரைக்க முடியாது. வேகமாக ஓட்டினால் செயல்திறனில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். 1975இல் கர்சான், ஆல்போர்ன் என்ற இருவர் இதை எளிய சூத்திரமாக எழுதிக் காட்டினார்கள். இன்ஜின் தன் உச்ச சக்தியில் ஓடும்போது கிடைக்கும் செயல்திறனைக் கணக்கிட, குளிர்-சூடு விகிதத்தின் வர்க்கமூலத்தை ஒன்றிலிருந்து கழிக்கச் சொன்னார்கள். நம் உமி இன்ஜினுக்கு அது 43 சதவீதம். இதுவும் சட்டம் அல்ல, ஒரு மதிப்பீடுதான். ஆனால் 67ஐ நம்பிக் கடன் வாங்குவதைவிட 43ஐ வைத்து யோசிப்பது எவ்வளவோ மேல்.

இரண்டாவது நிபந்தனை ரீஜெனரேட்டர். ஸ்டர்லிங்கின் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான். சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கம் போகும் வாயு, நடுவில் நெருக்கமான கம்பி வலைக்குள் நுழைந்து தன் சூட்டை அங்கே இறக்கி வைக்கிறது. திரும்பி வரும்போது அதே சூட்டை எடுத்துக்கொள்கிறது. கோயில் பிராகாரத்துக் கல் பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் விடுவது போல. சில நொடி நேரத்துக்குள் பல தடவை இந்த வாங்கலும் விடலும் நடக்க வேண்டும். இப்படி வலையில் ஏறி இறங்கும் வெப்பம், நெருப்பிலிருந்து வரும் வெப்பத்தைவிடப் பல மடங்கு. நான்கு மடங்கு என்று வைத்துக்கொண்டால், வலை நூற்றுக்கு ஐந்து பங்கைத் தவறவிட்டாலே நெருப்பு இருபது பங்கு கூடுதலாக எரிய வேண்டும். 95 மதிப்பெண் வாங்கிய வலை இன்ஜினைத் தோற்கடித்துவிடும். வலையை இன்னும் நெருக்கினால் வாயு அதைக் கடக்கவே திணறும், அந்தத் திணறலும் ஒரு நஷ்டம். ஸ்டர்லிங் இன்ஜின் வடிவமைப்பவரின் வாழ்நாள் பெரும்பாலும் இந்த இரண்டு நஷ்டங்களுக்கும் நடுவே கழிகிறது.

இதே வலையைத் தவறாகப் புரிந்துகொண்டவர் ஜான் எரிக்சன். சாதாரண ஆள் அல்ல. பின்னாளில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் பேர் வாங்கிய மானிட்டர் என்ற இரும்புக் கப்பலைக் கட்டியவர். ரீஜெனரேட்டர் வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறதே, அப்படியானால் ஒரே வெப்பத்தைத் திரும்பத் திரும்ப வேலை வாங்கலாமே என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில் 14 அடி குறுக்களவுள்ள ராட்சத சிலிண்டர்களோடு தன் பெயரிலேயே ஒரு கப்பல் கட்டி, 1853 ஜனவரியில் நியூயார்க்கில் ஓட்டிக் காட்டினார். பத்திரிகைகள் கொண்டாடின, நீராவி யுகம் முடிந்தது என்று எழுதின. கப்பல் எதிர்பார்த்த வேகத்தை எட்டவே இல்லை. சிறிது காலத்திலேயே அந்த சிலிண்டர்களைக் கழற்றிவிட்டு நீராவி இன்ஜினையே பொருத்தினார்கள். வெப்பத்தில் எந்தப் பங்கு வேலையாக மாறியதோ அந்தப் பங்கு தீர்ந்துவிட்டது. வலை திருப்பிக் கொடுத்தது செலவாகாத வெப்பத்தை மட்டுமே.

எரிக்சனாவது நேர்மையாக நம்பித் தோற்றார். நம் பக்கத்தில் 1996இல் மூலிகை பெட்ரோல் என்று நாடே பரபரத்தது. அந்தக் கதை நீதிமன்றத் தண்டனை வரை போனது. திருநள்ளாற்றுக்கும் இப்படி ஒரு சுமை உண்டு. கோயிலுக்கு மேலே வரும் செயற்கைக்கோள் மூன்று நொடி நின்று போகிறது என்ற செய்தி ஆண்டுதோறும் புதிதாகப் பிறந்து கைப்பேசிகளில் சுற்றுகிறது. பூமிக்கு அருகில் சுற்றும் செயற்கைக்கோள் ஒரு நொடியில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழும். சம்பந்தர் பாடிய திருநள்ளாற்றுப் பதிகம் மதுரையில் நெருப்பிலிட்டும் பச்சையாகவே இருந்தது என்பது சைவ மரபு. அதனால்தான் அது பச்சைப் பதிகம். இவ்வளவு பழமையும் பக்தியும் உள்ள ஊருக்கு, விண்வெளி ஆய்வகத்தின் பெயரால் பரப்பும் பொய்ச் சான்றிதழ் தேவையே இல்லை. அறிவியலின் பெயரைச் சொல்லி வரும் ஒன்றை அறிவியலின் கேள்வியால் நிறுத்திப் பார்க்கிற பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் இருந்தால் செயற்கைக்கோள் செய்தியும் செல்லாது, 'செலவே இல்லாமல் மின்சாரம்' என்று வரும் இன்ஜினும் செல்லாது.

ஸ்டர்லிங் இன்ஜினால் சாதிக்கவே முடியாது என்று இதற்குப் பொருளல்ல. சுவீடனின் காட்லாண்ட் வகை நீர்மூழ்கிகள் 1990களின் நடுப்பகுதியிலிருந்து ஸ்டர்லிங் இன்ஜினைச் சுமக்கின்றன. அவை நீருக்கடியில் நாள்கணக்கில் சத்தமில்லாமல் இருக்க அது உதவுகிறது. நாசாவின் கிளென் ஆய்வு மையத்தில் ஒரு சிறு ஸ்டர்லிங் மின்னாக்கி பழுதுபார்ப்பே இல்லாமல் 14 ஆண்டுகள் ஓடி முடித்ததாக 2020இல் அறிவித்தார்கள். வெயிலில் அது படைத்த சாதனையும் பெரிது. 2008 ஜனவரியில் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில், கிண்ணம் போன்ற ஆடியும் ஸ்டர்லிங் இன்ஜினும் சேர்ந்து சூரிய வெப்பத்தில் 31.25 சதவீதத்தை மின்சாரமாக மாற்றிக் காட்டின. நம் வேலூரிலும் ஐரோப்பியத் திட்டம் ஒன்றின் பகுதியாக 10 கிலோவாட் ஆடி-ஸ்டர்லிங் அலகு ஒன்று நிறுவப்பட்டது.

ஆனால் சாண்டியா சாதனைக்குச் சொந்தக்கார நிறுவனம் 2011இல் திவால் ஆனது. அதைவிடக் குறைந்த செயல்திறன் கொண்ட சூரியத் தகடுகள் சந்தையைப் பிடித்துக்கொண்டன. தகட்டில் நகரும் பாகம் இல்லை, அடைத்த வாயு எதுவும் கசியாது, ஆடி சூரியனைத் துரத்த வேண்டாம், விலையோ மளமளவென்று சரிந்தது. காரைக்கால் விவசாயி ஒருவர் இன்று மோட்டார் பம்புக்கு வெயிலைப் பயன்படுத்த நினைத்தால் தகடுதான் சரி. ஸ்டர்லிங்கைச் சிபாரிசு செய்வது அவருக்குச் செய்யும் துரோகம். செயல்திறன் எண்ணை மட்டும் பார்த்து இயந்திரம் தேர்ந்தெடுப்பது, மகசூலை மட்டும் பார்த்து நெல் ரகம் தேர்ந்தெடுப்பது மாதிரிதான். சாயுமா, பூச்சி தாங்குமா, வியாபாரி எடுப்பானா என்று பார்க்காமல் யாரும் விதைப்பதில்லை.

அப்படியானால் உமிக்கு மட்டும் ஏன் ஸ்டர்லிங்கைப் பற்றிப் பேச வேண்டும்? விடை காரைக்காலிலேயே கிடைக்கிறது. திருமலைராயன்பட்டினம் அருகே போலகத்தில் புதுச்சேரி பவர் கார்ப்பரேஷன் 2000ஆம் ஆண்டு முதல் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் நடத்துகிறது. அதில் எரிவாயு டர்பைன் தருவது 22.9 மெகாவாட். அந்த டர்பைன் வெளியே துப்பும் சூட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, நீராவி டர்பைன் இன்னொரு 9.6 மெகாவாட் தருகிறது. மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ முப்பது சதவீதம், கூடுதல் எரிபொருள் செலவில்லாமல் வந்தது. கார்னோவை யாரும் மீறவில்லை. முதல் இயந்திரம் கீழே விட்ட வெப்பம் இன்னும் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்த்து, அதற்கு ஏற்ற இரண்டாவது வேலையைக் கொடுத்தார்கள்.

கடலிலும் இதே பாடம். சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடல் மேற்பரப்பின் வெதுவெதுப்புக்கும் ஆழ்கடலின் குளிருக்கும் உள்ள வித்தியாசத்தில் மின்சாரம் எடுக்க, தூத்துக்குடிக்கு அப்பால் 1 மெகாவாட் மிதவை நிலையம் அமைக்க முயன்றது. மேலே 28 டிகிரி, கீழே 8 டிகிரி என்றால் உச்சவரம்பே 7 சதவீதத்துக்குள். அந்தச் சிறு லாபத்துக்காக ஆயிரம் மீட்டர் நீளக் குழாயைக் கடலுக்குள் இறக்க வேண்டியிருந்தது, இறக்க முடியவில்லை. அதே நிறுவனம் 2005இல் லட்சத்தீவின் கவரட்டியில் இதே போன்ற வெப்பநிலை வித்தியாசத்தை மின்சாரமாக்கப் பார்க்காமல், கடல்நீரை ஆவியாக்கிக் குளிரவைத்து நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கப் பயன்படுத்தியது. மின்சாரத்துக்குப் போதாத சூடு குடிநீருக்குப் போதுமானதாக இருந்தது.

இந்தக் கண்ணோடு அரிசி ஆலைக்குள் போக வேண்டும். புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறவைக்கிறார்கள், பிறகு அவிக்கிறார்கள். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் பரப்பிய வெந்நீர் ஊறல் முறையில் சுமார் 70 டிகிரி வெந்நீரில் நெல் மூன்று நான்கு மணி நேரம் ஊறுகிறது. அந்த வெந்நீருக்காகத் தனியாக உமி எரிகிறது. ஸ்டர்லிங் இன்ஜினின் குளிர்ந்த பக்கத்தை வாய்க்கால் நீரில் 30 டிகிரியில் வைப்பதற்குப் பதில், ஊறல் தொட்டிக்குப் போகும் நீராலேயே 70 டிகிரியில் வைத்தால் என்ன ஆகும்? உச்சவரம்பு 67 சதவீதத்திலிருந்து 63க்கு இறங்கும். நான்கு புள்ளிதான் நஷ்டம். பதிலுக்கு, இன்ஜின் உதறித் தள்ளுகிற வெப்பம் முழுவதும் நெல்லை ஊறவைக்கிற வேலையைச் செய்துவிடும். இன்ஜின் 10 சதவீதம்தான் தருகிறது என்று கைவிடுவது மின்நிலையத்துக்காரரின் பார்வை. வெந்நீர் எப்படியும் வேண்டியிருக்கிற ஆலைக்காரருக்கு அந்தப் பத்து ஏறத்தாழ இலவசம். ஒரு டன் நெல்லின் உமி முழுவதும் இப்படிப் போனால் சுமார் 70 யூனிட். 5 குதிரைத் திறன் இன்ஜினை 19 மணி நேரம் ஓட்டலாம்.

தடைகளை மறைக்கக் கூடாது. தொடக்கத்தில் சொன்ன சிலிக்கா இங்கே வந்து நிற்கிறது. உமிச் சாம்பலில் பெரும்பங்கு அதுதான். நெருப்பு மிகவும் சூடேறினால் சாம்பல் இளகி, இன்ஜினின் தலையில் கண்ணாடிப் பொறுக்கு போலப் படியும். பொறுக்கு படிந்த உலோகத்துக்குள் வெப்பம் இறங்காது. 650 டிகிரி என்று நினைத்துக் கணக்குப் போட்டிருப்போம், வாயுவுக்குக் கிடைப்பது அதைவிட வெகு குறைவாக இருக்கும். நெருப்பைத் தணித்து ஓட்டினால் உச்சவரம்பு தணியும். ஸ்டர்லிங்கின் தம்பி ஜேம்ஸ் மாற்றியமைத்த பெரிய இன்ஜின் 1843 முதல் டண்டீ நகர ஃபவுண்டரியில் ஓடியபோதும், சிலிண்டரின் சூடான அடிப்பகுதி காந்திப்போய்த்தான் சில ஆண்டுகளில் கைவிட நேர்ந்தது. அன்றிலிருந்து இன்றுவரை இந்த இன்ஜினின் எதிரி கார்னோ அல்ல, நெருப்பைப் பார்த்து நிற்கும் அந்த ஓர் அங்குல உலோகம்தான். இன்னொன்று, உமி இன்று குப்பை அல்ல. செங்கல் சூளையும் கொதிகலன்களும் காசு கொடுத்து வாங்குகின்றன. இலவச எரிபொருள் என்று எழுதும் திட்ட அறிக்கையை அந்தப் பக்கத்திலேயே மூடிவிடலாம்.

ஆகவே வேண்டுவது மானியம் அல்ல, அளவெடுப்பு. காரைக்கால் மாவட்டத்திலேயே திருவேட்டக்குடியில் என்ஐடி இருக்கிறது, செருமாவிலங்கையில் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது. சற்றுத் தள்ளிப் போனால் தஞ்சாவூரில் நெல் பதப்படுத்தலுக்கென்றே தொடங்கி வளர்ந்த நிஃப்டெம் நிறுவனம். மூன்றும் சேர்ந்து, புழுங்கல் அரிசி செய்யும் ஒரு சிறு ஆலையில், ஒரே ஒரு இன்ஜினை, ஒரு சம்பா அறுவடைக் காலம் முழுக்க ஓட்டிப் பார்க்கட்டும். உள்ளே போன உமியைத் தராசில் நிறுத்து எழுதட்டும். தலையின் சூட்டையும் தொட்டிநீரின் சூட்டையும் மணிக்கொரு முறை குறிக்கட்டும். எத்தனை யூனிட் வந்தது, சாம்பல் சுரண்ட எத்தனை முறை நிறுத்தினார்கள், எத்தனை மணி நேரம் வீணானது என்பதை ஆலை வாசலில் பலகையில் எல்லோரும் பார்க்க எழுதி வைக்கட்டும். அரசுப் பணத்தில் வாங்கும் எந்த வெப்ப இயந்திரத்துக்கும் இந்த எண்கள் இல்லாமல் ஒப்பந்தம் போடக் கூடாது. சூடு எவ்வளவு, குளிர் எவ்வளவு என்று இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கும் விற்பனையாளரை ஆலைக்காரரே திருப்பி அனுப்பிவிடலாம்.

தை பிறந்தால் அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கும், மாசிக்குள் ஆலைகளின் பின்கட்டில் உமி ஆளுயரம் குவிந்துவிடும். அதற்கு முன்பாக இரண்டு வெப்பமானியும் ஒரு தராசும் அங்கே போய்ச் சேர வேண்டும்.